பத்தடி ஃபுட் டிரெய்லர்: வெல்டிங் அருமை, டேங்க் வைத்த இடம்தான் தப்பு

பத்துக்கு ஆறடி, ஒற்றை ஆக்சில், பொலிரோ பிக்கப் இழுக்கிற அளவு. கிருஷ்ணகிரிப் பட்டறை ஒன்றில் செய்த இந்த ஃபுட் டிரெய்லரின், அதாவது வண்டியில் மாட்டி இழுக்கும் சாப்பாட்டுக் கடையின் வெல்டிங், தரைத் தகடு, அடுப்பு மேடை எதிலும் குறையில்லை. குறை தண்ணீரில். 200 லிட்டர் டேங்கைக் கொண்டுபோய்க் கடைசியில், சிங்குக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். பைப் போடச் சுலபம், ரோட்டில் ஆபத்து.

டேங்க் காலியாக இருக்கையில் மொத்தம் 900 கிலோ, கொக்கியில் இறங்கும் பாரம் 130. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பதால் அதுவரை சரி. ஆனால் டேங்க் ஆக்சிலுக்கு 4 அடி பின்னால், கொக்கி 9 அடி முன்னால். தண்ணீர் நிரப்பினால் 200-ஐ 4-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்த 89 கிலோ கொக்கியில் குறைந்துவிடும். மிச்சம் 41, 1,100 கிலோ வண்டிக்கு 4 சதவீதம்கூட இல்லை. இப்படி வால் கனத்த வண்டி, வேகம் கூடும்போது ஆம்னி பஸ் கடக்கிற காற்றுக்கே ஆட ஆரம்பிக்கும்.

அதற்காக டேங்கை முன்மூலைக்கு மாற்றச் சொல்லாதீர்கள். கொக்கிப் பாரம் 15 சதவீதத்தைத் தாண்டி ஏறி, பிக்கப் பின்னால் அமுங்கி, ஸ்டியரிங் பிடியில்லாமல் போகும். ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்தால் 12 சதவீதம். ஏற்கெனவே வாங்கியவர்கள் கடை போடும் இடத்தில் தண்ணீர் பிடித்துக்கொள்வதே வழி. எடை மேடையில் சரிபார்க்கலாம்: கழற்றிய டிரெய்லரை முழுசாக ஏற்றி ஒரு எடை, பிக்கப்பில் மாட்டியபடி டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க இன்னொரு எடை. வித்தியாசம்தான் கொக்கிப் பாரம்.

50 மி.மீ. பந்துக் கொக்கி நல்ல பிடி. பூட்டியதும் டிரெய்லரின் முன்ஜாக்கியை ஏற்றிப் பாருங்கள். பிக்கப்பின் பின்புறமும் சேர்ந்து எழ வேண்டும். சங்கிலி ஒன்றுதான் தருகிறார்கள். இரண்டாகக் கேட்டு, கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கழன்றாலும் முன்கம்பு தரையில் குத்தாது.

இன்னொரு பெரிய குறை, டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாதது. இந்த எடைக்கு, பிக்கப் வேகம் குறைந்து டிரெய்லர் முன்னால் தள்ளும்போது தானே பிடிக்கும் ஓவர்ரன் பிரேக் வைக்காமல் வாங்கவே கூடாது. பிரேக் இல்லாமல் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்குவது வேண்டாத வேலை. பிரேக் இருந்தாலும் இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், நியூட்ரல் கூடவே கூடாது. ஆட்டம் வந்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். எதிர்ப்பக்கம் ஒடித்தாலும், பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் டிரெய்லர் பிக்கப்பை மடக்கிவிடும்.

டிரெய்லருக்கும் ஆர்.சி. உண்டு, அட்வான்ஸ் தருவதற்கு முன்பே அதைப் பேசிவிடுங்கள்.