நடுவில் ரவுட்டர் இல்லாத கேபிள்: இரண்டு கணினிகளை நேரடியாக இணைத்துப் பல நாள் ஓட்டிய அனுபவம்

கல்யாண வீடியோ எடிட்டிங் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன். ஃபுட்டேஜ் எல்லாம் ஹாலில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் வந்து சேரும். எடிட்டிங் நடப்பது உள் அறையில் இருக்கும் புதுக் கணினியில். இரண்டுக்கும் இடையே சுவரோரமாக ஒரே ஒரு கேட் 5ஈ நெட்வொர்க் கேபிள். நடுவில் ரவுட்டரும் இல்லை, சுவிட்சும் (பல கணினிகளின் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) இல்லை. இன்டர்நெட்டுக்கு இரண்டுமே வைஃபை. சில வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. இதில் வரும் கோளாறுகள் எல்லாமே திரும்பத் திரும்ப வரும் அதே நாலைந்துதான்.

முதலில் எதற்கு இந்த வேலை என்று சொல்லிவிடுகிறேன். 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட்) பதிவாகும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 45 ஜிபி வரும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) கேபிளில் நொடிக்கு 110 எம்பி (மெகாபைட்) வரை நிஜமாகவே கிடைக்கும்; அந்த 45 ஜிபி ஏழு நிமிஷத்தில் முடிந்துவிடும். எங்கள் வீட்டு வைஃபையில் அதே வேலையை ஆரம்பித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம்.

"கிராஸ் கேபிள் அடிக்கணுமே" என்று கடைக்காரர்கள் சிலர் இன்னும் சொல்கிறார்கள். ஒரு முனையில் அனுப்பும், வாங்கும் கம்பிகளை இடம் மாற்றி அடிக்கும் கேபிள் அது. அதெல்லாம் 10, 100 எம்பிபிஎஸ் வேகப் பழைய நெட்வொர்க் கார்டுகள் காலத்துக் கதை. இன்றைய கிகாபிட் போர்ட்டுகள் எந்தக் கம்பி ஜோடியில் அனுப்புவது, எதில் வாங்குவது என்பதைத் தாங்களே பார்த்து மாற்றிக்கொள்ளும். சாதாரண நேர் கேபிள் போதும்.

இனி கோளாறுகள். இவற்றில் பெரும்பாலானவை கேபிளால் வருவதில்லை. வீட்டு ரவுட்டர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலைகளைச் செய்ய இங்கே ஆள் இல்லை, அதனால் வருபவை. முகவரி கொடுப்பது அதில் முதல் வேலை. கேபிளைச் செருகியதும் போர்ட்டில் விளக்கு எரியும், ஆனால் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கும். கேட்ட முகவரி யாரிடமிருந்தும் வரவில்லை என்பதால் விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் அப்படி எடுத்துக்கொண்டால் பேசிக்கொள்ளவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்குக் காத்திருக்க வேண்டும், முகவரி மாறாது என்ற உறுதியும் இல்லை. நான் ஒன்றுக்கு 10.10.10.1, மற்றதுக்கு 10.10.10.2 என்று கையால் போட்டுவிட்டேன். சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் ஒரே வரிசை என்று சொல்லும் எண்) 255.255.255.0. வைஃபை ரவுட்டர் 192.168.1 வரிசையில் முகவரி கொடுக்கிறது, அதனால் கேபிளுக்கு வேண்டுமென்றே வேறு வரிசை. இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால் எந்த வழியில் அனுப்புவது என்று கணினி குழம்பும்.

கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசலின் முகவரி) கட்டத்தைக் காலியாக விடுங்கள். என் தம்பி அவன் வீட்டில் இதே மாதிரி அமைத்துவிட்டு, "அண்ணே, கேபிளை மாட்டினா நெட்டு போயிடுது, கழட்டினா வருது"ன்னு போன் பண்ணினான். கட்டம் காலியாக இருக்கிறதே என்று கேட்வேயில் எதிர்க் கணினியின் முகவரியை நிரப்பி வைத்திருந்தான். விண்டோஸ் பொதுவாக வைஃபையைவிட வேகமான வயர் இணைப்புக்கே முன்னுரிமை தரும். வெளியே போக வேண்டியதெல்லாம் அந்தக் கேபிள் வழியாகக் கிளம்பி, எதிர்க் கணினியோடு நின்றுவிட்டது.

அடுத்தது ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் விண்டோஸின் காவல். என்னை ரொம்ப அலைக்கழித்தது இதுதான். கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸால் அடையாளம் காண முடியாது. 'அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்' என்று பெயர் வைத்து, ரயில்வே ஸ்டேஷன் வைஃபையைப் போல 'பப்ளிக்' பட்டியலில் சேர்த்துவிடும். அப்புறம் பிங் (எதிர்க் கணினி இருக்கிறதா என்று கேட்கும் கட்டளை) அடித்தால் பதில் வராது, ஷேர் ஃபோல்டர் திறக்காது. கேபிள் போச்சு என்று முடிவுகட்டி இந்த இடத்தில்தான் பலர் புதுக் கேபிள் வாங்கக் கிளம்புகிறார்கள். பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளைத் திரை) 'பிரைவேட்' என்று மாற்றினால் வேலை செய்யும், ஆனால் மறுபடி ஆன் செய்யும்போது பழையபடி ஆகிவிடும். ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில், நெட்வொர்க் லிஸ்ட் மேனேஜர் பகுதிக்குப் போய், அடையாளம் தெரியாத நெட்வொர்க்குகளைப் பிரைவேட்டாக எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ஹோம் பதிப்பில் அந்தத் திரையே கிடையாது. அங்கே ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு பகுதியில், ஃபைல் ஷேரிங்குக்கான உள்வரும் விதியைப் பப்ளிக்குக்கும் திறந்து, எதிர்க் கணினியின் முகவரிக்கு மட்டும் என்று கட்டுப்படுத்திவிடலாம். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது. வெளியூரில் வேறு எந்த வைஃபையில் சேர்ந்தாலும் கதவு திறந்து கிடக்காது. ஃபயர்வாலையே மொத்தமாக அணைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள்.

பாஸ்வேர்டு சமாச்சாரம் சுருக்கமானது. கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் (PIN) எண் நெட்வொர்க்கில் செல்லாது. அந்தக் கணக்கின் முழுப் பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கு என்றால் உள்ளேயே விடாது. ஷேருக்கென்று தனியாக ஒரு லோக்கல் யூசரை உருவாக்கிப் பாஸ்வேர்டு வைத்ததோடு இந்தத் தலைவலி தீர்ந்தது. பாஸ்வேர்டை மாற்றினால் எதிர்ப் பக்கத்தில், பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையது உட்கார்ந்திருக்கும், அதையும் அழிக்க வேண்டும். 'நெட்வொர்க்' ஐகானில் எதிர்க் கணினி தெரியவில்லையே என்றும் கவலைப்பட வேண்டாம். முகவரிப் பட்டையில் \\10.10.10.2 என்று அடித்தால் போதும். கணினியின் பெயரை அடித்தால் சில சமயம் அது வைஃபை வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். காப்பி ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் எந்த வரைபடம் ஏறுகிறது, ஈதர்நெட்டா வைஃபையா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிஜமாகவே கேபிளால் வந்த கோளாறு ஒன்றும் உண்டு. திடீரென்று காப்பி வேகம் நொடிக்கு 11 எம்பிக்கு விழுந்தது. துண்டிப்பு இல்லை, பிழைச் செய்தி இல்லை, எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே இருந்தது. அந்த 11 என்ற எண்தான் துப்பு. இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கியிருந்தால் காப்பி ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் போகும். அடாப்டரின் ஸ்டேட்டஸ் திரையைத் திறந்தால் 1.0 ஜிபிபிஎஸ் இருக்க வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ். கேபிளுக்குள் நான்கு ஜோடி கம்பிகள் இருக்கின்றன. 100 வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் இரண்டும் போதும். கிகாபிட்டுக்கு நீலம், பிரவுன் உட்பட நான்கும் சரியாக இருக்க வேண்டும். நிலைப்படி ஓரம் கதவு இடுக்கில் கேபிள் நசுங்கி, பிரவுனில் ஒரு கம்பி அறுந்திருந்தது. கேபிள் டெஸ்டரில் எட்டாவது விளக்கு மட்டும் எரியவில்லை. அந்த இடத்தை வெட்டி எறிந்து, புது ஆர்ஜே45 கிளிப் அடித்ததும் பழைய வேகம் திரும்பியது. கேபிள் வாங்கும்போது சுத்தச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது விலை குறைவு, ஆனால் மடங்கும் இடத்தில் சீக்கிரம் உடையும்.

இந்த அமைப்பில் பழகிக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு கணினியை அணைத்தால் மற்றதில் 'கேபிள் செருகப்படவில்லை' என்று வரும். கோளாறு இல்லை, மறுமுனையில் ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் காப்பி நடுவில் டெஸ்க்டாப் தூங்கிப்போனால் வேலை கெடும். ஸ்லீப்பை நிறுத்தினேன். அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட்டில் மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்தேன். எப்போதாவது இணைப்பு விட்டு விட்டு வந்ததும் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்' என்ற மின்சேமிப்பு வசதியை அணைத்த பிறகு நின்றது.

லேன் போர்ட் இல்லாத லேப்டாப் என்றால் யூஎஸ்பி 3.0 லேன் அடாப்டர் வாங்குங்கள். 2.0 என்றால் 480 எம்பிபிஎஸ்தான் உச்சம், கிகாபிட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அதைத் தாண்டாது.

இரண்டே கணினி உள்ள வீட்டுக்கு இந்த அமைப்பை நான் தைரியமாகப் பரிந்துரைப்பேன். மூன்றாவது ஒன்று வந்துவிட்டால், ஒரு கணினியில் இரண்டு கார்டு போட்டுச் சுற்றி வளைக்காமல், ஐந்து போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று வாங்கிவிடுங்கள். கையால் போட்ட முகவரிகளை மாற்ற வேண்டியதில்லை, புதியதுக்கு 10.10.10.3 கொடுத்தால் போதும். சாதாரணச் சுவிட்ச் முகவரி தராது, கேட்வேயாகவும் இருக்காது. அதனால் அந்தப் பப்ளிக் நெட்வொர்க் பஞ்சாயத்து மட்டும் மூன்றாவது கணினியிலும் ஒருமுறை வரும்.