ஏசியா, ஜன்னலா: சென்னைச் சாலையில் பெட்ரோலை மிச்சம் பிடிப்பது எது?

மணிக்கு எண்பது கி.மீ. வேகத்துக்குக் கீழே ஜன்னலைத் திற, எண்பதைத் தாண்டினால் ஏசியைப் போடு: கார் வைத்திருக்கும் பலரும் சொல்லும் கணக்கு இதுதான். நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு அது ஓரளவு உதவும். அண்ணா சாலையில் சிக்னலுக்கு சிக்னல் நிற்கும் நமக்கு, வேகத்தைவிட ஏசி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதுதான் முக்கியம்.

பெட்ரோல், டீசல் கார்களில் ஏசி கம்ப்ரஸர் பொதுவாக இன்ஜினின் பெல்ட்டில்தான் ஓடுகிறது. வண்டி நகர்ந்தாலும் நின்றாலும் அதன் செலவு நிற்பதில்லை. பத்து கிலோமீட்டரைக் கடக்க மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம் ஆகும், 100 கி.மீ. வேகத்தில் ஆறே நிமிடம். அதாவது அதே தூரத்துக்கு நகருக்குள் ஏசி ஐந்து மடங்கு நேரம் ஓடுகிறது. கடும் வெப்பத்தில் ஏசியால் மைலேஜ் 25 சதவீதத்துக்கும் மேல் குறையலாம், குறுகிய பயணங்களில் பாதிப்பு அதிகம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது.

நம் ஊரில் இன்னொரு சுமையும் உண்டு. கடலோரக் காற்றின் ஈரத்தையும் ஏசிதான் பிழிந்தெடுக்க வேண்டும். நின்ற காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அப்படி வந்ததுதான். வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் விட்டால் புதுப்புது ஈரம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். கார் குளிர்ந்ததும் உள்காற்றைச் சுழற்றும் பொத்தானை அழுத்துங்கள்.

ஜன்னலைத் திறந்தால் காற்றின் எதிர்ப்பு கூடும். அந்த எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. 40-ல் இருப்பதைவிட 100-ல் ஆறு மடங்குக்கு மேல். ஆற்காடு சாலையில் ஊரும் காருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் விரட்டும்போது நிச்சயம் பொருட்டு. அதிலும் வழுக்கிச் செல்லும் வடிவமுள்ள செடானுக்கு இழப்பு அதிகம். பெட்டி போன்ற உயர வண்டி ஏற்கெனவே காற்றோடு மல்லுக்கட்டுவதால் வித்தியாசம் குறைவு. எண்பது என்ற எல்லைக்கோடு எல்லா வண்டிக்கும் பொருந்தாததும் இதனால்தான்.

ஆக, பெட்ரோலை மட்டும் பார்த்தால் நகருக்குள் ஜன்னல்தான் தெளிவாக ஜெயிக்கிறது. ஆனாலும் கத்திரி வெயிலில், லாரிப் புகைக்கு நடுவே, குழந்தையையோ வயதானவரையோ வைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்து போகச் சொல்ல எனக்கு மனம் வராது. வியர்த்துச் சோர்ந்துபோய் ஓட்டுவது ஆபத்தும்கூட. அதிகாலையிலும், கடற்காற்று வீசும் மாலையிலும் ஏசியை அணைத்துவிடலாம். மிச்சம் பிடிக்க அதுதான் நல்ல நேரம்.

ஏசி போட்டே ஆக வேண்டிய நாளிலும் வழி இருக்கிறது. வெயிலில் நின்ற காருக்குள் இருப்பது வெளியைவிடச் சூடான காற்று. கிளம்பிய முதல் சில நிமிடங்கள் நான்கு ஜன்னலையும் இறக்கி அதை விரட்டிவிட்டு ஏசியைப் போட்டால், கம்ப்ரஸரின் வேலை குறையும். சாதாரண ஏசி உள்ள பல கார்களில் குளிரைக் குறைக்க வெப்பநிலைக் குமிழைத் திருப்பினால், குளிர்ந்த காற்றோடு ஹீட்டர் காற்றுதான் கலக்கிறது. பெட்ரோல் பெரிதாக மிச்சமாகாது. அத்தகைய காரில் ஃபேன் வேகத்தைக் குறையுங்கள்.