பதினான்கு மாதம், நான்கு வால் மோட்டார்

போன ஞாயிற்றுக்கிழமை என் ரிமோட் பொம்மை ஹெலிகாப்டருக்கு நான்காவது வால் மோட்டாரை மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கீழக்கரை நண்பரிடமிருந்து ஒரு செய்தி. "மச்சான், நீ வச்சிருக்கியே அந்தச் சின்ன ஹெலிகாப்டர், விலை இறங்கியிருக்கு. ரெண்டாயிரத்துக்குள்ள வருது. வாங்கலாமா?" அந்த நிமிடமே பதில் போட்டிருந்தால் நட்பு போயிருக்கும். நான்கு நாள் ஆறப்போட்டு எழுதுகிறேன். இன்னும் முழுதாக ஆறவில்லை.

நான்கு சேனல் (ஏற்ற இறக்கம், முன்பின், பக்கவாட்டு, திருப்பம் என்று நான்கு கட்டுப்பாடு), ஒற்றை மேல் இறக்கை, ஒரு சார்ஜுக்கு ஐந்தாறு நிமிடம் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. என் சண்டை முழுக்க வாலோடுதான்.

மேல் இறக்கை ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது வால் விசிறி. பெரிய ஹெலிகாப்டரில் மேல் இறக்கையைச் சுழற்றும் எஞ்சினே வால் விசிறியையும் சுழற்றும். இந்தச் சிறுசுகளில் வாலுக்குத் தனி மோட்டார், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். மூக்கு நேராக நிற்க வேண்டுமென்றால் பறக்கும் நேரம் முழுக்க அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் முதலில் சாவதும் அதுதான்.

சாவு திடீரென்று வருவதில்லை. முதல் நாள் மூக்கு லேசாக ஒரு பக்கம் திரும்பும். ரிமோட்டில், இப்படிச் சாய்வதைச் சரிக்கட்டும் டிரிம் பொத்தானை இரண்டு தட்டு தட்டினால் சரியாகிவிடும். அடுத்த நாள் நான்கு தட்டு. அப்புறம் ஒரு நாள் தட்டுவதற்கு டிரிம்மே மிச்சமிருக்காது, ஹெலிகாப்டர் திருவிழா ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டு போய்ச் சுவரில் மோதும். எனக்கு முதல் மோட்டார் மூன்றாவது மாதமே போனது. இரண்டாவதும் மூன்றாவதும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கின.

எங்கள் வீடு ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், மண்டபம் என்ற ஊரில். வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். உப்பைக் கொண்டுவந்து கொட்டுவதில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடலிலிருந்து, வாடைக் காற்று அடித்தால் வடகடலிலிருந்து. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே பெயின்ட் அடித்து அடித்துத்தான் காப்பாற்றி வந்தார்கள். அதற்குப் பதிலாகக் கட்டிய புதுப் பாலம் 2025-இல் திறந்தாகிவிட்டது. நூற்றெண்பது ரூபாய் மோட்டாருக்கு யார் பெயின்ட் அடிப்பது?

செத்த இரண்டாவது மோட்டாரின் பின்மூடியை ஊசியால் நெம்பித் திறந்து பார்த்தேன். உள்ளே, சுற்றுகிற பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ், தலைமுடி அளவுக்கு மெல்லிய உலோக விரல்கள்தான். அதில் ஒன்று ஒடிந்து கிடந்தது, இன்னொன்றைச் சுற்றிப் பச்சைத் தூள். காற்றிலிருக்கும் உப்புத்தூள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரவெல்லாம் அந்த ஈரம் செம்பைத் தின்றுகொண்டிருக்கும். பகலில் நான் பறக்கவிடும் ஆறு நிமிடத்தைவிட, அலமாரியில் சும்மா இருக்கும் மீதி நேரம்தான் அதற்கு எமன். இது புரிவதற்கு எனக்கு இரண்டு மோட்டார் செலவானது.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் என் தவறுகளையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கடற்கரை மணலிலேயே வைத்துக் கிளப்பினேன். மணலில் கருப்பாகப் பொடி இருக்கிறதே, அது காந்தத்தில் ஒட்டும். மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம்தான். ஒருமுறை விழுந்து எழுந்த பிறகு வாலில் கரகரவென்று சத்தம் கேட்டது, அந்தப் பொடியின் வேலை. இப்போது ஒரு பழைய பிளாஸ்டிக் பாயை விரித்துத்தான் வைக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்றாவது மோட்டார் போட்ட மறுநாள், கரையோரம் மிதந்துகொண்டிருந்த மைத்துனரின் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து, பலகைமேல் வைத்து பேட்டரியை மாட்டினேன். கிளம்பியதும் சுற்ற ஆரம்பித்தது. மோட்டார் விற்ற கடைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீட்டுக்கு வந்து தரையில் வைத்து மாட்டினால் ஒழுங்காக நிற்கிறது! பேட்டரி மாட்டிய முதல் சில நொடிகளில் உள்ளே இருக்கும் ஜைரோ, அதாவது திரும்புவதை உணரும் சில்லு, 'இதுதான் அசையாத நிலை' என்று மனதில் பதிந்துகொள்ளும். நான் அதற்கு ஆடுகிற வள்ளத்தைக் காட்டியிருக்கிறேன். மைத்துனர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். அதனால் வால் திரும்புகிறது என்றவுடன் மோட்டாரைக் கழற்றாதீர்கள். சமதளத்தில் வைத்து, விளக்கு நிலையாக எரியும்வரை தொடாமல் இருந்து பாருங்கள். அப்புறம் வால் தண்டில் முடியோ நூலோ சுற்றியிருக்கிறதா, விசிறியின் துளை விரிசல் விட்டுத் தண்டு மட்டும் வெறுமனே சுற்றுகிறதா, விசிறி முன்பின் மாறி மாட்டியிருக்கிறதா பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும், விரலால் தட்டிவிட்டால்தான் ஓடுகிறது, தானாகக் கிளம்ப மாட்டேன் என்கிறது என்றால் மோட்டார் முடிந்தது.

மாற்றுவது ஒரு மணி நேர வேலை, பழகினால் அரை மணி. வால் குழாய்க்குள் ஓடும் கம்பிகள்தான் தொல்லை. பழைய கம்பியை உருவுவதற்கு முன் அதன் நுனியில் தையல் நூலைக் கட்டிவிட்டு உருவினால், நூல் குழாய்க்குள் நிற்கும். அதன் முனையில் புதுக் கம்பியைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். முதல் தடவை இது தெரியாமல் கம்பியைக் குருட்டுத்தனமாகக் குத்திக்கொண்டிருந்து ஒரு ராத்திரி போயிற்று. சால்டரிங் அயனை இரண்டு நொடிக்கு மேல் வைக்காதீர்கள், போர்டிலிருக்கும் செம்புப் பட்டையே பெயர்ந்து வந்துவிடும். மூடுவதற்கு முன் வால் விசிறிக்கு அருகில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, காற்று முன்பு போன பக்கமே போகிறதா என்று பாருங்கள். கம்பி மாறியிருந்தால் வால் தடுக்காது, சுற்றலுக்கு உதவிதான் செய்யும்.

இவ்வளவு திட்டியாகிவிட்டது. மற்றபடி இந்தப் பொருள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அதுதான் வயிற்றெரிச்சல். மேல் மோட்டார் ஒரே ஒரு தடவைதான் மாற்றினேன். மொட்டைமாடியிலிருந்து முற்றத்தில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறது. ஒடிந்த காலை மீன் பிடிக்கும் தங்கூசி நரம்பால் சுற்றிக் கட்டி ஒரு சொட்டுப் பசை வைத்தேன், கம்பெனிக் காலைவிட அதுதான் கெட்டி. விடியற்காலையில் காற்று எழுவதற்கு முன் முற்றத்தில் தலைமட்டத்துக்கு ஏற்றிக் கையை எடுத்தால், அப்படியே நிற்கும். வேப்பமரத்து மைனாக்கள்கூட அதைக் கண்டுகொள்வதில்லை. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத் தளம் பக்கத்தில் இருப்பதால் மாடிச் சுவருக்கு மேலே நான் ஏற்றுவதே இல்லை. அங்கிருந்து நிஜ ஹெலிகாப்டர் தலைக்கு மேலே போகும்போது நம்முடையது முழங்கால் உயரத்தில் நின்று முறைக்கும்.

கடல்மேல் பறந்து வருகிற விமானங்களை நல்ல தண்ணீரில் கழுவுகிற வழக்கம் உண்டு. இதைக் கழுவ முடியாது. பறந்து முடிந்ததும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் வாலைத் துடைக்கிறேன். தண்டு நுழையும் இடத்தில் ஊசிமுனையால் துளி தையல் மெஷின் எண்ணெய், அதற்கு மேல் விட்டால் பிரஷ்ஷில் இறங்கிக் கெடுத்துவிடும். பிறகு இறுக்க மூடும் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு. வீட்டில் அந்த அளவுக்கு இறுக்கமான டப்பா ஒன்றுதான் இருந்தது. மனைவி கருவாடு வைத்திருந்தது. எவ்வளவு கழுவியும் ஹெலிகாப்டர் நெத்திலி வாசனையோடுதான் கிளம்புகிறது. பேட்டரியை மட்டும் பாதி சார்ஜில் தனியாக வைக்கிறேன். முழுதாக ஏற்றிப் பல நாள் வைத்த ஒன்று உப்பிப் போனது, இங்கே உப்புக்குச் சம்பந்தமில்லை.

இந்தப் பராமரிப்பில் நான்காவது மோட்டார் எத்தனை மாதம் ஓடும் என்று பார்க்க வேண்டும். கம்பெனி இன்னும் இருபது ரூபாய் சேர்த்து வால் மோட்டாருக்கு ஒரு நல்ல மூடி போட்டிருந்தால் இதையெல்லாம் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

சரி, நண்பருக்குப் பதில். வேண்டாம் மச்சான். உன் வீட்டு மாடியில் நின்றால் அலைச்சத்தம் கேட்கும், அங்கே இது நாலு மாதம் தாங்காது. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் பரமக்குடியில் உன் மாமியார் வீட்டிலேயே வைத்திருந்து, போகும்போது மட்டும் பறக்கவிடுவதாக இருந்தால், இந்த விலைக்குத் தாராளமாக வாங்கு. வால் மோட்டார் ரெண்டு சேர்த்துப் போட்டுக்கொள். ஒன்று எனக்கு.