அரூரில் இரண்டு நாள்: தீர்த்தமலை, அனுமன்தீர்த்தம், சித்தேரி

தருமபுரி மாவட்டம் என்றதும் ஒகேனக்கலுக்கு வண்டியைத் திருப்புகிறவர்கள்தான் அதிகம். கிழக்கே அரூர்ப் பக்கம் வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்ப்பது வேண்டுதல் இருந்தால்தான். ஒரு சின்ன ஊரைச் சுற்றி மலைக்கோயில், ஆற்றுத்துறை, காட்டு மலை மூன்றும் இருக்கின்றன. சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு அளவான இடம். இருந்தும் சலித்துத் திரும்புகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களில் பாதிப் பேர் வெயில் ஏறியபிறகு மலை ஏறியவர்கள். மீதிப் பேர் குற்றாலம் போல அருவி கொட்டும் என்று நினைத்து வந்தவர்கள்.

ரயிலில் வருவதானால் மொரப்பூரில் இறங்க வேண்டும். சென்னை–கோவை பாதையில் ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவில் இருக்கும் நிலையம் இது. எல்லா விரைவு வண்டியும் இங்கே நிற்காது. முன்பதிவுக்கு முன் நிறுத்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மொரப்பூரிலிருந்து அரூர் சுமார் 13 கி.மீ. பேருந்து உண்டு. தருமபுரி நகரில் இறங்கினால் அரூருக்கு இன்னும் 40 கி.மீ. அளவு சாலையில் போக வேண்டும். தருமபுரிக்கும் மொரப்பூருக்கும் இடையே ஓடிய பழைய குறுகிய பாதை ரயில் 1941-லேயே நின்றுபோனது. காரில் வருகிறவர்களுக்குக் கவலை இல்லை. சேலம்–வாணியம்பாடி நெடுஞ்சாலை அரூர், ஊத்தங்கரை வழியாகத்தான் போகிறது. சேலத்திலிருந்து வந்தால் மஞ்சவாடி கணவாய் ஏறி இறங்கும் பகுதியே அழகு. அதற்காகவாவது இருட்டும் முன் அதைக் கடந்துவிடுங்கள்.

தங்குவதற்கு அரூர்தான். பேருந்து நிலையத்தை ஒட்டி லாட்ஜுகள் உண்டு, எளிமையானவை. சொகுசு எதிர்பார்க்க வேண்டாம். முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார் அறைகளை மொத்தமாக எடுத்துவிடுவார்கள், ஆகவே நாட்காட்டியைப் பார்த்துவிட்டு முன்கூட்டியே போனில் சொல்லிவையுங்கள். தீர்த்தமலை அடிவாரத்தில் தங்கலாம் என்று நம்பி மாலையில் போய் இறங்காதீர்கள்.

முதல் நாள் காலை தென்பெண்ணை ஆற்றிலிருந்து தொடங்குவதே முறை. இலங்கையிலிருந்து திரும்பிய ராமர் தீர்த்தமலையில் சிவபூசை செய்ய எண்ணி, கங்கை நீருக்காக அனுமனைக் காசிக்கு அனுப்பினார். அனுமன் வரத் தாமதமானதால் அம்பு எய்து மலையிலேயே நீரை வரவழைத்தார். பிந்தி வந்த அனுமன் வீசிய கங்கை நீர் தென்பெண்ணைக் கரையில் விழுந்த இடமே அனுமன்தீர்த்தம் என்பது தலவரலாறு. அதனால் அனுமன்தீர்த்தத்தில் குளித்துவிட்டு, பிறகு மலைமேல் ராமர் தீர்த்தத்தில் நீராடுவது வழக்கம். நம்பிக்கை இல்லாதவர்களும் இந்த வரிசையிலேயே போகலாம். விடியற்காலையில் ஆற்றங்கரையில் கூட்டம் குறைவு. அங்கே நேரத்தைக் கடத்தாமல் கிளம்பினால் மலைப் படிகளில் வெயில் ஏறும் முன் பாதி ஏறிவிடலாம்.

ஆற்றில் இறங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். தென்பெண்ணையில் இங்கே வரும் நீரின் அளவு மேலே கிருஷ்ணகிரி அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அரூரில் ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் ஒசூர்ப் பக்கம் பெய்த மழை ஆற்றை நிரப்பிவிடும். அணை திறப்புக்கு வெள்ள எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று முந்தின நாள் செய்தியில் பாருங்கள். நீர் திடீரென்று கலங்கிச் செம்மண் நிறமானால் கரையேறிவிடுங்கள். மேலிருந்து புது நீர் வருகிறது என்று பொருள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ., அரூரில் சுமார் 33 செ.மீ. கொட்டியது. ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் புரட்டிப்போட்டது. வறண்ட மாவட்டம்தானே என்ற அலட்சியம் இங்கே ஆகாது. ஆடிப் பதினெட்டு அன்று நீராடவும் வழிபடவும் கூட்டம் அலைமோதும். அந்த அனுபவம் வேண்டும் என்பவர்கள் மட்டும் அன்றைக்கு வாருங்கள்.

அரூரிலிருந்து தீர்த்தமலை 16 கி.மீ. அடிவாரத்தில் ஒரு கோயில், மலைமேல் தீர்த்தகிரீசுவரர், வடிவாம்பிகை சன்னதிகள். அருணகிரிநாதர் இத்தலத்து முருகனைத் திருப்புகழில் பாடியிருக்கிறார். சோழர் காலக் கல்வெட்டுகளும் உண்டு. சாமி கும்பிட்ட கையோடு இறங்கிவிடாமல் சுவர்களை நின்று பாருங்கள். மேல்கோயில் நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்பதை அடிவாரத்திலேயே கேட்டுக்கொண்டு ஏறுங்கள். மூச்சிரைக்க ஏறிப்போய்ச் சாத்திய கதவைப் பார்ப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கிற ஏமாற்றம்.

படியேற்றம் நிதானமாகப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். ஒரு கைத்தடி இருந்தால் பாதி பாரம் குறையும். வெறுங்காலில் ஏறுவதாக வேண்டிக்கொண்டவர்கள் ஒன்பது மணிக்குள் இறங்கிவிடும்படி கிளம்புங்கள், அதற்குமேல் கல் சுடத் தொடங்கிவிடும். குரங்குகள் நிறைய. அவற்றுக்குக் கண்ணெல்லாம் பிளாஸ்டிக் கவர் மேல்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை, கவர் சத்தம் கேட்டாலே பாய்ந்துவிடும். தேங்காய், பழம் எல்லாவற்றையும் ஜிப் வைத்த பைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். பறித்துவிட்டால் திரும்பப் பிடுங்கப் போகாதீர்கள், கடித்துவிடும்.

மேலே ராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினி என்று ஐந்து தீர்த்தங்கள். எல்லோரும் தேடி வருவது ராமர் தீர்த்தத்தை. செங்குத்தான பாறை உச்சியிலிருந்து மெல்லிய தாரையாக விழுகிறது. கோடையிலும் நிற்பதில்லை, இளைத்துவிடும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிய நீர் மாதக்கணக்கில் மெல்லக் கசிந்து வருவதே காரணம். அதனால்தான் மழை பெய்த மறுநாளே இது பெருக்கெடுத்து ஓடவும் செய்யாது. தலையில் நீர் விழ நின்று, அடுத்தவருக்கு வழிவிட்டு நகர வேண்டிய இடம்; ஆட்டம் போட்டுக் குளிக்கிற இடம் இல்லை. இதைப் புரிந்துகொண்டு வருகிறவர்களுக்கு இந்தத் தாரை தரும் நிறைவைப் பெரிய அருவிகள் தருவதில்லை என்றே சொல்வேன். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் தயவுசெய்து வேண்டாம். ஏற்கெனவே பாசி படிந்த பாறை. அதன்மேல் சோப்பு நுரை பட்டால் அடுத்து வரும் பெரியவர் வழுக்கி விழுவார். காலைப் பாறையில் முழுதாகப் பதித்து, பக்கவாட்டில் நகருங்கள்.

இறங்கியதும் பசிக்கும். அரூரில் மதியச் சாப்பாட்டுக்குக் குறை இல்லை. கேட்டு விசாரித்தால் கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் கிடைக்கும். களி மதியத்தோடு சரி, மாலையில் எங்கு போனாலும் பரோட்டாதான்.

இரண்டாம் நாள் சித்தேரி மலை. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் மலை இது. பேருந்து குறைவு, அதிலும் திரும்பும் கடைசி வண்டி நேரம் கேட்காமல் ஏறக் கூடாது. சொந்த வண்டி நல்லது. கிளம்பும் முன் அரூரிலேயே பெட்ரோல் நிரப்புங்கள், இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராமல் இரண்டாம் கியரில் இறங்குங்கள். செல்போன் சிக்னல் பல வளைவுகளில் போய்விடும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சாலையை விட்டு விலகிக் காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி வேண்டும். யாரோ வீடியோவில் காட்டிய பாதை என்று நுழையாதீர்கள். அடிவாரத்தில் வள்ளிமதுரை வரட்டாறு அணை, நவம்பர், டிசம்பரில் நிறைந்திருந்தால் பார்க்கத் தகும். மார்ச்சுக்குமேல் அங்கே போவது வீண்.

இந்த மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று அரசு ஊழியர்களே அந்த ஊர் மக்கள்மேல் நடத்திய கொடுமைக்கு 2011-ல் தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெயர்ப் பலகையைக் கண்டதும் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே இருப்பவர்கள் அந்த நாளைத் தாண்டி வாழ்ந்துகொண்டிருக்கிறவர்கள்.

எப்போது வருவது? அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை, புயல் எச்சரிக்கை இல்லாத வாரம். ஏப்ரல், மே மாதங்களில் குழந்தைகளையும் முதியவர்களையும் இந்தப் படிகளில் ஏற்றாதீர்கள். புதன்கிழமை சேர்த்து விடுப்பு கிடைத்தால் கோபிநாதம்பட்டி கூட்ரோட்டில் கூடும் மாட்டுச் சந்தையையும் காலையிலேயே பார்த்துவிடலாம். திரும்பும் வழி தருமபுரி என்றால் தொல்லியல் துறை அகழ்வைப்பகத்தில் வைத்திருக்கும் நடுகற்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். திறந்திருக்கும் நாள்தானா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாங்கிப் போக ஏற்றவை சாமையும் புளியும். சாமையில் வெள்ளை வெளேர் என்று தீட்டியதை விட்டு, லேசாகப் பழுப்பு நிறம் ஒட்டியிருப்பதை எடுங்கள். ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் உதிரியாக வரும். புளி அறுவடை மாசி, பங்குனியில்; புதுப்புளி செம்பழுப்பாக, கையில் ஒட்டும். கொட்டை, கோது எடுத்ததா என்று பிய்த்துப் பாருங்கள், இல்லையென்றால் எடையில் நல்ல பங்கு கழிவாகப் போகும். வீட்டுக்குப் போனதும் ஒரு நாள் வெயிலில் காயவைத்து, கல் உப்பைத் தூவித் தூவி ஜாடியில் அடுக்குங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மழைக்காலத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.