மூடிய வலது கை: அம்மாவின் பராமரிப்பு இல்லத்தில் இரண்டே முக்கால் வருடம்

என் அம்மாவுக்கு 2022 ஜூனில் பக்கவாதம் வந்தது. அப்போது வயது 76. வலது கை, கால் இரண்டும் விழுந்துவிட்டன, கூடவே பேச்சும் போய்விட்டது. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு வந்தால் பலருக்கு இப்படி ஆகும் என்றார் மருத்துவர். நாம் சொல்வது அம்மாவுக்கு ஓரளவு புரியும், பதில் வராது. மூன்று மாதத்துக்கு மேல் வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்த்தோம். ஏஜென்சியிலிருந்து வந்த பெண்கள் நான்கு பேர் மாறினார்கள். ஐந்தாவது ஆள் சொல்லாமல் நின்றுவிட்ட அன்று, நானும் தம்பியும் பேசி அம்மாவை இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவெடுத்தோம். அக்டோபரில் கோவைப் புறநகரில் ஓர் இடத்தில் சேர்த்தோம். இன்னும் அங்கேதான் இருக்கிறார். அதன் பெயரை எழுதவில்லை. குறை நிறை இரண்டையும் மறைக்காமல் சொல்ல அதுதான் வசதி.

அட்வான்ஸ் ஒரு லட்சம், மாதம் 32,000 என்று சேர்த்தோம். டயப்பர், மருந்து, பிசியோ எல்லாம் தனி. முதல் மாதமே 43,000 தொட்டது. பார்க்கப் போகிறவர்கள் போன மாதத்து பில் ஒன்றை, பெயரை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த 32,000 என்ன ஆகும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சேர்ப்பதற்கு முன் நான்கு இல்லங்கள் பார்த்தோம். நான்கையும் காலை பதினோரு மணிக்குத்தான் பார்த்தோம், நான் செய்த பெரிய தவறு அது. அந்த நேரத்தில் எல்லாரும் குளித்து, பவுடர் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். தரை பளபளவென்று இருக்கும். ஜெனரேட்டர் இருக்கிறதா, லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் போகுமா, மருத்துவர் வாரம் எத்தனை நாள் வருவார், சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டேன். எல்லாம் கேட்க வேண்டியவைதான். இரவில் எத்தனை பேர் டியூட்டியில் இருப்பார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

அதன் விலை 2023 பொங்கலில் தெரிந்தது. இரண்டு ஆயாக்கள் ஊருக்குப் போனார்கள், ஒருவர் திரும்பி வரவில்லை. அந்தச் சமயத்தில் நானும் பத்து நாள் பெங்களூரில் தம்பி வீட்டில் இருந்தேன். தினமும் போன் செய்தேன். "நல்லா இருக்காங்கங்க, சாப்டாங்க, தூங்கறாங்க" என்று ஒரே பதில். திரும்பி வந்து அம்மாவைப் புரட்டிப் பார்த்தால், முதுகின் அடியில் வால் எலும்பு இருக்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தேன். சாதாரணச் சிவப்பு என்றால் அழுத்தின இடம் ஒரு நொடி வெளுத்துத் திரும்பும். அது வெளுக்கவில்லை. தோலுக்கு அடியில் சேதம் ஆரம்பித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஐந்தாம் நாள் உடைந்து புண்ணாகிவிட்டது. ஆற பத்து வாரம் ஆனது. புண்ணைச் சுத்தம் செய்யும்போது அம்மா சத்தம் போட முடியாமல் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஏர் பெட் வாங்கிப் போட்டோம். அது உதவிதானே ஒழிய, புரட்டிப் படுக்க வைப்பதற்கு மாற்று இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பியே ஆக வேண்டும்.

கோபத்தில் அம்மாவை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்கு முன் ஓர் இரவு அங்கேயே தங்கிப் பார்க்கிறேன் என்று கேட்டேன். மேலாளர் தயங்கினார், ஆனால் மறுக்கவில்லை. அந்த ஓர் இரவில் கற்றது நான்கு மாதத்தில் கற்றதைவிட அதிகம். மொத்தம் 26 பேர். அதில் 11 பேர் தானாகப் புரள முடியாதவர்கள். இரவு டியூட்டியில் இரண்டு ஆயாக்கள், ஒரு சிஸ்டர். எட்டு மணியிலிருந்து காலை ஆறு வரை ஒருவரை ஐந்து முறை திருப்ப வேண்டும் என்றால், 11 பேருக்கு 55 முறை. கனமான உடம்பைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். இடையில் டயப்பர் மாற்ற வேண்டும், எழுந்து நடக்கும் தாத்தாக்களைப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போக வேண்டும், மறதி நோய் உள்ள ஒரு பாட்டி இரண்டு மணிக்கு எழுந்து கதவைத் தட்டுவார், அவரைச் சமாதானப்படுத்த வேண்டும். அந்தப் பெண்கள் உட்காரவே இல்லை. ஆனாலும் மூன்று பேரை இரவு முழுக்கத் திருப்பவில்லை. யாரை எப்போது திருப்பினார்கள் என்று குறிக்கச் சுவரில் தொங்கிய சார்ட்டில் மட்டும் நான்கு மணிக் கட்டத்தில், மணி ஒன்றாகும் முன்பே கையெழுத்து இருந்தது.

அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆள் போதவில்லை, அவ்வளவுதான். அடுத்த நாள் மேலாளரிடம் இந்தக் கணக்கை அப்படியே எழுதிக் கொடுத்தேன். இன்னும் நான்கு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு போய்ப் பேசினோம். ஏப்ரலில் இரவுக்கு மூன்றாவது ஆயா வந்தார். மாதக் கட்டணம் 2,000 ஏறியது. நான் மனதாரக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் நான் போகிற நேரத்தை மாற்றிக்கொண்டேன். ஞாயிறு காலைக்குப் பதில், ராத்திரிச் சாப்பாட்டு நேரமான ஏழு மணிக்கு, கிழமை சொல்லாமல் போவேன். பக்கவாதத்தில் விழுங்குவது பாதிக்கப்பட்டவருக்கு ஊட்டுவது லேசான வேலை இல்லை. நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியில் கொடுத்து, முழுங்கிவிட்டாரா என்று பார்த்து, அப்புறம் அடுத்த வாய். அம்மாவுக்குக் குழைந்த சாதம் ஒரு கிண்ணம் சாப்பிட 40 நிமிடம் ஆகிறது. வெறும் தண்ணீர் கொடுத்தால் புரையேறும், கொஞ்சம் கெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும். முடிந்ததும் உடனே படுக்க வைக்கக் கூடாது, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய்விடும். ஏழரைக்குள் எல்லாருக்கும் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பாதிக் கிண்ணம் திரும்பிப் போனதை நானே பார்த்தேன். சேரும்போது 51 கிலோ இருந்த அம்மா ஏழாவது மாதம் 47. ஒரு மாதத்தில் எடையில் ஐந்து சதவீதமோ ஆறு மாதத்தில் பத்து சதவீதமோ குறைந்தால் காரணம் தேட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். நாங்கள் அந்தக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தோம். இப்போது மாதம் முதல் வாரம் எடை பார்த்து எனக்கு அனுப்புகிறார்கள். கேட்டதால்தான் அனுப்புகிறார்கள்.

2023 ஆகஸ்டில் இன்னொரு விஷயம் நடந்தது. மாலையிலும் அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. மருந்துப் பெட்டியைப் பார்த்தபோது எனக்குத் தெரியாத ஒரு மாத்திரை இருந்தது. இரவில் முனகுகிறார், மற்றவர்கள் தூங்க முடியவில்லை என்று தூக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை மட்டும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. முனகலுக்குக் காரணம் வலது தோள்பட்டை வலி என்று பிசியோ பார்த்துச் சொன்னார். கைக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்க வைத்ததும் முனகல் பாதியாகக் குறைந்தது. மாத்திரையை மருத்துவரிடம் பேசி நிறுத்தினோம். இப்போது மருந்துச் சீட்டில் எந்த மாற்றம் வந்தாலும் முதலில் எனக்குப் போட்டோ வர வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண், இருபத்து நான்கு வயது இருக்கும், இரண்டு வருடமாக அம்மாவின் வார்டில் இருக்கிறாள். என் மகள் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் "அம்மிச்சி" என்றே கூப்பிடுகிறாள். வந்த புதிதில் அவளுக்குத் தமிழ் தெரியாது. பேச முடியாத அம்மாவோடு அவளுக்கு அது ஒரு குறையாகவே இல்லை. 2024 மே மாதம் வெயில் கொளுத்திய வாரத்தில் ஒரு நாள் காலையில் அவளே போன் செய்தாள். "அக்கா, அம்மிச்சி இன்னிக்கு என்னைப் பாக்கவே இல்ல. வேற மாதிரி இருக்கு." காய்ச்சல் இல்லை, பிரஷர் சரி, சர்க்கரை சரி. சிஸ்டர்கூட ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தார். பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று. வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சலுக்கு முன்பே குழப்பம், மந்தம் என்றுதான் பலமுறை தெரியும். அன்றே மருந்து தொடங்கியதால் மருத்துவமனையில் சேர்க்காமல் சரியாகிவிட்டது. தினமும் அந்த முகத்தைப் பார்த்தவளுக்குத்தான் அது தெரிந்தது. வாரத்துக்கு ஒரு ஆள் மாறும் இடத்தில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

அதனால்தான், யாராவது என்னிடம் இல்லம் பற்றிக் கேட்டால், உங்கள் ஆயாக்கள் எத்தனை வருடமாக வேலை செய்கிறார்கள், எங்கே தூங்குகிறார்கள், அவர்களுக்கு வார விடுமுறை உண்டா என்று விசாரிக்கச் சொல்கிறேன். இந்த இல்லத்தில் 2024-இல் ஆயாக்களுக்குச் சம்பளம் உயர்த்தி, மாடியில் தனி அறை கட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகு ஆள் மாறுவது நன்றாகவே குறைந்துவிட்டது. என் அம்மாவின் உடம்பிலேயே அந்த வித்தியாசம் தெரிகிறது. அதற்குப் பின் ஒரு புண்கூட வரவில்லை, எடை 49-இல் நிற்கிறது.

இன்னும் சரியாகாதவை உண்டு. துணி துவைக்கப் போட்டால் வேறொருவர் நைட்டி அம்மாவுக்கு வந்துவிடுகிறது. மாலை நேரப் பொழுதுபோக்கு என்றால் டிவி மட்டும்தான். உறவினர் யாரும் வராத ஆறேழு பேர் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு நகம் வெட்டியிருக்கிறதா என்று போகும்போதெல்லாம் பார்ப்பேன். கேட்க ஆள் இல்லாதவருக்கும் அங்கே கவனிப்பு கிடைக்கிறதா என்பது அதில் தெரியும். வளர்ந்திருந்தால் சிஸ்டரிடம் சொல்வேன்.

அம்மாவிடம் நான் முதலில் பார்ப்பது அவருடைய வலது கையை. பக்கவாதம் வந்த கை இறுக மூடிக்கொள்ளும். வியர்வை தங்கி உள்ளே நாறும், நகம் உள்ளங்கையில் குத்தும். மெதுவாக ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கழுவித் துடைக்கப் பத்து நிமிடம் வேண்டும். வருகிறவர்கள் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. அதனால் அவசரத்தில் முதலில் விடுபடுவதும் அதுதான். முதல் வருடம் பலமுறை நானே கழுவியிருக்கிறேன். போன வியாழன் ஏழு மணிக்குப் போய்த் திறந்து பார்த்தேன். நகம் வெட்டியிருந்தது, உள்ளே சுருட்டி வைத்த வெள்ளைத் துணி காய்ந்து சுத்தமாக இருந்தது. அடுத்த ஒரு வருடத்துக்கும் அங்கேயே இருக்கட்டும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.