ரன்ஃப்ளாட்டைக் கழற்றிய பிறகு: 34,000 கிலோமீட்டரும் டிக்கியில் உருளும் ஒரு டப்பாவும்

போன வாரம் நண்பன் கூப்பிட்டான். "என் காரும் உன்னுடையது மாதிரிதான், ஸ்டெப்னி கிடையாது. ரன்ஃப்ளாட் தேஞ்சு போச்சு. திரும்ப அதையே போடவா, சாதா டயருக்கு மாறிடவா?" ரன்ஃப்ளாட் என்றால் காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய டயர். இதே கேள்வியை முன்பு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவரிடம் "கண்ணை மூடிக்கொண்டு மாறுங்கள்" என்றேன், இன்னொருவரிடம் "அந்தப் பக்கமே போகாதீர்கள்" என்றேன். இரண்டும் மனதாரச் சொன்னதுதான். அதனால் இந்த முறை அவசரப்படாமல் எழுதிவிடுகிறேன்.

காரோடு வந்த ரன்ஃப்ளாட் 38,000 கிலோமீட்டர் ஓடியது. அப்புறம் நான்கையும் ஒரே நாளில் கழற்றிவிட்டு சாதா டயர் போட்டேன். அது இப்போது 34,000 தாண்டியிருக்கிறது, பட்டன் (தரையில் படும் ரப்பர்) 2.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது. தேய்மான அடையாளம் 1.6 மில்லிமீட்டரில்தான் இருக்கிறது என்றாலும், ஈரச் சாலையில் அதுவரை போய்ப் பார்க்க எனக்கு ஆசையில்லை. ஆக, நண்பன் கேட்ட கேள்வி இப்போது என்னுடையதும்தான்.

ரன்ஃப்ளாட்டைத் திட்டுவதற்கு முன் அதற்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு முறை நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது டயர் விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்கில் ஒன்றும் தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன், நான்கு டயரும் ஒரே மாதிரிதான் நின்றன. இந்த டயரில் காற்று போனதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சைட்வாலுக்குள், அதாவது டயரின் பக்கச் சுவருக்குள், தடிமனாக வைத்திருக்கும் ரப்பர் காரின் எடையைத் தானே தாங்கிக்கொள்கிறது, அதனால் டயர் சப்பையாக உட்காருவதில்லை. காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பு இல்லாத காரில் ரன்ஃப்ளாட் போடக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். காற்று இல்லாமல் 80 கிலோமீட்டர் தூரம், 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் என்பது பொதுவான கணக்கு. நான் 70-ஐத் தாண்டாமல் 45 கிலோமீட்டர் ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். கை அழுக்காகவில்லை, பின்னால் வந்த லாரிகளுக்கு நடுவே ஜாக்கி வைக்கவில்லை.

மறுநாள் கடையில்தான் சண்டை. ஆணி நடுப் பட்டனில்தான் குத்தியிருந்தது, சின்ன ஓட்டை. சாதா டயராக இருந்து, காற்று இறங்க இறங்கக் கவனித்திருந்தால், உள்ளே பேட்ச் போட்டு முடித்திருக்கலாம். கடைக்காரர் மாட்டேன் என்றார். நான் குரலை உயர்த்தினேன். அவர் ஒன்றும் பேசாமல் டயரைக் கழற்றி, உள்ளே கையை விட்டுத் தடவிக் காட்டினார். விரலெல்லாம் கறுப்புப் பொடி. காற்று இல்லாமல் ஓடும்போது சைட்வால் மடங்கி மடங்கிச் சூடாகி, உள்பக்க ரப்பர் உதிர்ந்திருக்கிறது. வெளியே பார்த்தால் புது டயர். அவர் சொன்னது சரி, நான் கத்தியது தப்பு. ஆனால் ஓர் ஆணிக்கு ஒரு முழு டயர் என்பதை என்னால் அன்றும் ஜீரணிக்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

சாலையில் இருக்கும் ஒவ்வொரு இணைப்பையும் முதுகெலும்புக்குத் தந்தி அடிக்கும் அதன் குணத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. வயதாக ஆக ரப்பர் இறுகி அது இன்னும் மோசமானது. சைட்வால் வாங்க வேண்டிய அடியை ரிம் வாங்கியது, இரண்டு ரிம்களில் நெளிசல் எடுத்தேன். இப்போது வரும் ரன்ஃப்ளாட்கள் பழையவற்றைவிட மென்மை என்பது உண்மைதான். ஒரு நண்பரின் காரில் உட்கார்ந்து பார்த்தேன், வித்தியாசம் தெரிகிறது. ஆனாலும் கல் கல்தான்.

தேர்வு செய்த கதைக்கு வருகிறேன். என் சைஸ் 225/50 ஆர்17, பழைய டயரில் 94 டபிள்யூ என்று போட்டிருந்தது. சைஸை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், டபிள்யூ என்றால் 270 கிலோமீட்டர் வேகம் வரைக்குமான தரம். கையிருப்பில் இருந்த 94 வி-யைக் காட்டி, "அந்த வேகத்தில் யார் சார் போகப் போறாங்க?" என்றார் கடைக்காரர். வி என்றால் 240. நானும் அந்த வேகத்தில் போகப் போவதில்லை. ஆனால் கார் கையேட்டில் இருப்பதைவிடக் குறைந்த தரத்தைப் போட்டுவிட்டு, நாளைக்கு ஏதாவது ஆனால் யாரிடம் போய் விளக்கம் சொல்வது? கடைசியில் 98 எக்ஸ்எல் டபிள்யூ எடுத்தேன். எக்ஸ்எல் என்றால் கூடுதல் எடை தாங்கும் வகை. 98 என்பது 750 கிலோ, ஆனால் அந்த எடையைத் தாங்க எக்ஸ்எல்லுக்குக் கூடுதல் காற்று வேண்டும். எனக்கு எடை முக்கியமில்லை. ரன்ஃப்ளாட்டுக்கென்று அமைத்த சஸ்பென்ஷனில் ரொம்ப மெல்லிய சைட்வால் போட்டால் கார் தொளதொளவென்று ஆகிவிடும் என்ற பயம், அதனால் கொஞ்சம் கட்டுக்கோப்பான டயராக இருக்கட்டும் என்று எடுத்தேன். பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் இருக்கும் தயாரிப்பு வாரத்தையும் வருடத்தையும் பார்த்துக்கொண்டேன்.

ரிம்மைப் பற்றிச் சிலர் பயமுறுத்துவார்கள். காற்று போனாலும் டயர் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள, ரன்ஃப்ளாட் ரிம்மில் உள்பக்கத் திட்டு சற்று உயரமாக இருக்கும். அதில் சாதா டயர் தாராளமாக உட்காரும், ஏற்றும் பையனுக்குத்தான் கொஞ்சம் வேர்க்கும். ஆனால் முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை என்று கலந்து போடுவது மட்டும் வேண்டாம். உங்கள் டயர் ரன்ஃப்ளாட்தானா என்றே சந்தேகம் இருந்தால் சைட்வாலில் தேடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்: இசட்பி, எஸ்எஸ்ஆர், ஆர்ஓஎஃப், ஆர்எஃப்டி என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

மாட்டிய அன்று மாலை அம்மாவைப் பின் சீட்டில் வைத்து, வழக்கமாகப் போகும் அதே சாலையில் போனேன். பாதி வழியில் கேட்டார்: "ரோடு புதுசா போட்டுட்டாங்களாடா?"

இதற்கு மேல் என்ன விமர்சனம் எழுதுவது? அம்மாவுக்கு ரன்ஃப்ளாட் தெரியாது, எக்ஸ்எல் தெரியாது. அந்தக் காரில் அவர் முதல் முறையாகத் தூங்கியது அந்த மாதம்தான். திருப்பும்போது ஸ்டியரிங்குக்குக் கார் பதில் சொல்ல ஒரு கணம் கூடுதலாக எடுத்துக்கொள்வது போல இருந்தது, இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. டயர் எடை குறைந்ததாலோ என்னவோ, சின்னச் சின்னக் குழிகளில் கார் துள்ளுவது நின்றுபோனது. 34,000 கிலோமீட்டரில் மூன்று பஞ்சர் வந்தன, மூன்றையும் ஒட்டிவிட்டேன்.

நான்காவதாக வந்ததைப் பஞ்சர் என்று சொல்ல முடியாது. அதற்கு முன் டப்பாவை அறிமுகப்படுத்த வேண்டும்.

இந்த மாதிரிக் கார்களில் ஸ்டெப்னி இல்லை என்பது தெரிந்ததுதான். அதை வைக்கப் பள்ளமும் இல்லை, ஜாக்கி இல்லை, வீல் ஸ்பேனர்கூட இல்லை. கார் நகர்ந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டிய கார். சாதா டயருக்கு மாறியதும் நான் வாங்கியது ஒரு சின்னக் கம்ப்ரஸரும், ஓட்டையை அடைக்கும் திரவம் நிரப்பிய ஒரு டப்பாவும். அன்றிலிருந்து அந்த டப்பா என் வாழ்க்கையில் இருக்கிறது. இடது வளைவில் வலப்பக்கம் உருளும், வலது வளைவில் இடப்பக்கம் உருளும். துணி சுற்றினேன், பையில் போட்டேன், நாடா போட்டுக் கட்டினேன். ஒரு வாரம் சும்மா இருக்கும், அப்புறம் எப்படியோ அவிழ்த்துக்கொண்டு வந்துவிடும். டயர் தந்த அமைதியில் இப்போது அந்தச் சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்கிறது. போதாததற்கு அதற்குக் காலாவதித் தேதி வேறு. முதல் டப்பாவை வாங்கும்போதே அதன் ஆயுளில் பாதி போயிருந்தது, நான் பார்க்கவில்லை.

ஒரு மழை இரவில், மகளோடு திரும்பிவரும்போது, தண்ணீருக்கு அடியில் இருந்த உடைந்த கல்விளிம்பில் முன் டயர் இறங்கியது. சைட்வாலில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். இந்தத் திரவம் பட்டனில் விழும் சின்ன ஆணி ஓட்டைக்குத்தான், சைட்வால் கிழிசலுக்கு இல்லை என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. தெரிந்தும் ஏற்றினேன். வேறு என்ன செய்வது? வெள்ளைத் திரவம் முழுவதும் கிழிசல் வழியே வழிந்து என் செருப்பில் இறங்கியது. ரிகவரி வண்டி வர இரண்டேகால் மணி நேரம். மகள் காருக்குள் உட்கார்ந்து, "அப்பா, பழைய டயர்னா வீட்டுக்குப் போயிருக்கலாம்ல?" என்று ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.

நியாயமாகப் பார்த்தால், அந்தக் கிழிசலில் ரன்ஃப்ளாட்டும் போயிருக்கும், அதையும் ஒட்ட முடியாது. ஆனால் மெதுவாக உருட்டியாவது வெளிச்சம் இருக்கும் இடத்துக்கு வந்திருக்கலாம். அந்த இரவில் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அதே மாடல் காருக்கான ஒல்லி ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் தேடி வாங்கினேன். துளை வரிசை பொருந்த வேண்டும், பிரேக் காலிப்பரில் இடிக்கக்கூடாது, மொத்த உயரம் மற்ற டயர்களுக்கு இணையாக இருக்க வேண்டும். அலாய் வீலின் போல்ட் இதற்குச் சேருமா என்றும் பார்க்க வேண்டும், எனக்கு வேறு நீளத்தில் தனி போல்ட் வாங்க வேண்டியிருந்தது. இதில் 80-க்கு மேல் போகக்கூடாது. பள்ளம் இல்லாததால் டிக்கியின் நடுவில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும், பட்டை போட்டு இறுக்கிக் கட்டாவிட்டால் அடித்துப் பிடிக்கும் பிரேக்கில் முன்னால் வந்துவிடும். பயணம் என்றால் பெட்டிகள் பின் சீட்டுக்கு, அம்மாவின் காலடிக்கு. தூரப் பயணத்துக்கு மட்டும் ஸ்டெப்னி, மற்ற நாட்களுக்கு இரண்டாவது டப்பா என்று ஓர் ஏற்பாடு. தானே ஓட்டையை மூடிக்கொள்ளும் டயர்களும் இருக்கின்றன, உள்ளே பிசின் பூசியவை. என் சைஸில் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவையும் பட்டன் ஓட்டைக்குத்தான்.

நண்பனே, உனக்கு என் பதில்: சாதா டயர் போடு. கையேட்டில் உள்ள எடைத் தரத்துக்கும் வேகத் தரத்துக்கும் குறையாமல், நான்கும் ஒன்றாக. ஒரு ஒல்லி ஸ்டெப்னியும் வாங்கி வை. மாட்டியதும் காற்றை நிரப்பி, காரின் டயர் எச்சரிக்கையை ரீசெட் செய்ய மறக்காதே. முதல் பத்து நிமிடத்திலேயே எனக்கு நன்றி சொல்வாய்.

எனக்கு? நேற்று இரண்டாவது டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அடுத்த மாதம் காலாவதி. மூன்றாவது டப்பா வாங்கக் கடைக்குப் போனேன், கையில் எடுத்தேன், குலுக்கிப் பார்த்தேன், வைத்துவிட்டு வந்தேன். மகளும் இப்போது தனியாக ஓட்ட ஆரம்பித்திருக்கிறாள். ரன்ஃப்ளாட்டுக்கே சொல்லியாகிவிட்டது, நான்கும் புதன்கிழமை வருகின்றன. மேலே எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் திரும்பப் பெறவில்லை. அம்மா கேட்டால், ரோட்டை மறுபடி தோண்டிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்கிறேன்.