வெள்ளவத்தை சிஎஸ்எஸ் தொடக்க வகுப்பு: பெட்டிக் கணக்குக்காகப் போகலாம்

சிஎஸ்எஸ் என்பது இணையப் பக்கங்களுக்குத் தோற்றம் கொடுக்கும் மொழி. காலி வீதிப் பக்கம் நடக்கும் இந்த வகுப்பில் உருப்படியானது பெட்டிக் கணக்குத்தான்: பக்கத்தின் ஒவ்வொரு கூறும் ஒரு பெட்டி, அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற கணக்கு. விட்த் (அகலம்) 300 பிக்சல், பேடிங் (உள் இடைவெளி) 20, போர்டர் (கரை) 5 கொடுத்தால், இரு பக்கமும் சேர்த்துப் பெட்டி 350 பிக்சலுக்கு வீங்கும். அருகில் நிற்க மிதக்கவிட்ட (ஃப்ளோட்) பெட்டி இடமில்லாமல் கீழே இறங்கிவிடும். பாக்ஸ்-சைசிங் என்ற அமைப்பை போர்டர்-பாக்ஸ் ஆக்கினால், பேடிங்கும் போர்டரும் உள்ளே அடங்கி 300இலேயே நிற்கும். பிரவுசரில் பக்கத்தின் குறிமுறையைக் காட்டும் இன்ஸ்பெக்டரைத் திறந்து, எண்களை மாற்றிக் காட்டியே படிப்பிக்கிறார்கள். மேற்பெட்டியின் அடி மார்ஜின் (வெளி இடைவெளி) 30, கீழ்ப்பெட்டியின் தலை மார்ஜின் 20 என்றால் இடைவெளி 50 அல்ல, பெரியதான 30 என்பதும் அப்படியே விளங்கிவிடும்.

செலக்டர் (விதி எந்தக் கூறுக்கு என்று காட்டுவது) முன்னுரிமையைப் படிப்பிப்பதில் அவசரம். ஐடிக்கு (ஒரு கூறின் தனிப்பெயர்) போட்ட நிறத்தைக் கிளாஸ் (பல கூறுகளுக்கான பொதுப்பெயர்) வெல்லாது. ஏனென்று சொல்லாமல், விதியை வலிந்து வெல்லவைக்கும் ‘இம்போர்ட்டன்ட்’ போடச் சொல்வது கெட்ட பழக்கம். பெட்டிகளை வரிசையாக அடுக்கும் பிளெக்ஸ்பாக்ஸ் பாடம் பரவாயில்லை, கட்டங்களாக அடுக்கும் கிரிட் பெயருக்குத்தான்.

டியூட்டில் (வகுப்பில் தரும் குறிப்புத்தாள்) லைன்-ஹைட் (வரி உயரம், எழுத்தளவின் மடங்கு) 1.2 என்றிருக்கிறது. தமிழுக்கு அது காணாது: மேல்வரிக் ‘கூ’வின் வாலும் கீழ்வரிக் ‘கீ’யின் சுழியும் நெருங்கிவிடும். 1.6 வையுங்கள்.